பிரதிநிதி விரல்கள்

அந்த வீட்டுப் பிஸ்கட் டின்னை யாராலும் லேசில் திறக்க முடியாது. மூடி விளிம்போடு விளிம்பாக இறுகி உட்கார்ந்துவிடும். அம்மா கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்புவார். அப்பா டின்னை வயிற்றோடு அணைத்து, நகம் மடங்க, பல்லைக் கடித்துக்கொண்டு திறப்பார். ஆனால் ஐந்து வயதுச் சுண்டு மட்டும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், கரண்டியும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறாள். திறப்பதை யாரும் பார்த்ததில்லை. மூடிய டின்னுக்குள் பிஸ்கட் குறைந்துகொண்டே வந்தது. சுண்டுவின் மேலுதட்டில் தூள் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

அதே சுண்டுவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை.

டின் திறக்கும் விரல்தான் பொத்தானும் போட வேண்டும். விரல் ஒன்றே என்றால், ஒன்று வருகிறது, இன்னொன்று ஏன் வரவில்லை? சுண்டுவின் அப்பா இதைப் பற்றி நிறைய யோசித்தார். அவர் ஒரு பார்சல் நிலையத்தில் கட்டும் பிரிவில் வேலை செய்பவர். பெட்டியை மடிப்பது, நாடா ஒட்டுவது, கயிறு இழுத்து முடிச்சுப் போடுவது எல்லாம் அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரும். அங்கே எல்லோரும் அவரைப் பார்சல்காரர் என்றே கூப்பிட்டார்கள். மற்றவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள் என்றாலும், அந்தப் பெயர் அவருக்கு மட்டும் கிடைத்ததற்குக் காரணம் வேகம்.

பொத்தான் போடுவது பார்க்க ஒரே வேலையாகத் தெரியும். உண்மையில் அது இரண்டு கைகளுக்கு இடையில் நடக்கும் கைமாற்றம். ஒரு கை காஜாவின், அதாவது பொத்தான் துளையின், ஓரத்தைப் பிடித்து விரிக்க வேண்டும். மறு கை பொத்தானைச் சாய்த்து, விளிம்பு முதலில் நுழையும்படி, பாதி வரை தள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் கஷ்டம். தள்ளிய கை விட வேண்டும்; விரித்திருந்த கை, அந்தப் பக்கம் தலைகாட்டும் பொத்தானைப் பிடித்து இழுக்க வேண்டும். விடுவதும் பிடிப்பதும் ஒன்றாக நடக்காவிட்டால் பொத்தான் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

சுண்டு பாதி வரை ஒழுங்காக வருவாள். அங்கே நின்று அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அப்பாவின் கை வந்து முடித்துவைக்கும். வந்த கை சும்மா போகாது. மிச்சப் பொத்தான்களையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு, ஷூ நாடாவைக் கட்டி, பையின் ஜிப்பை இழுத்து, அவளை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவர். விடிவதற்கு முன்பே பணிமனைக்குப் போய்விடுவார். அதனால் காலை நேரம் முழுக்கப் பார்சல்காரரின் பொறுப்பு. அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் மழலைப் பள்ளி மிஸ் அவரை நிறுத்தினார்.

"சார், சுண்டுவுக்கு எல்லாம் நல்லா வருது. கதை சொல்றா, பாட்டுப் பாடறா, அடுத்த பிள்ளையோட டிபன் பாக்ஸைக்கூட தொறந்து பாத்துடறா. பொத்தான் மட்டும்தான் வரல."

"வீட்ல சொல்லிக் குடுத்துடறேன் மிஸ்."

"அது போதாது சார். விரல் மேம்பாட்டு மையத்துல சான்றிதழ் வாங்கணும். அது இல்லாம ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு."

"இல்லேன்னா?"

"இன்னொரு வருஷம் இங்கயே இருப்பா. அவ கூட்டாளிங்க எல்லாம் போயிடுவாங்க."

பார்சல்காரர் தன் கைகளைப் பார்த்தார். உடனே அவற்றைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

*

மழலை விரல் மேம்பாட்டு மையம் புதுக் கட்டடம். கதவை யாரும் திறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் போனால் தானே விலகியது. குழாயைத் திருக வேண்டாம். கையைக் காட்டினால் தண்ணீர் வந்தது. ஆள் வந்தால் விளக்கு எரிந்தது, ஆள் போனால் அணைந்தது. விரல்களை வளர்க்கும் அந்த இடத்தில் விரலால் செய்ய வேண்டிய காரியம் எதுவும் இல்லாதபடி நேர்த்தியாகக் கட்டியிருந்தார்கள்.

மூத்த ஆலோசகர் அவர்களை வரவேற்றார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

"எங்க திட்டத்தோட பேரு 'சமையலறையில் சிறுவிரல்கள்'. பட்டாணி உரிக்கறது, மாவு பிசையறது, வேகவச்ச முட்டைக்கு ஓடு உரிக்கறது, ஒரு டம்ளர்லேர்ந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணி ஊத்தறது. பிள்ளைங்களுக்கு விளையாட்டு. ஆனா ஒவ்வொண்ணும் விரலுக்குப் பாடம்."

இதில் தப்பாக ஒரு வார்த்தைகூட இல்லை. பட்டாணித் தோலைப் பிளக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளும் அதே கிள்ளல்தான் பொத்தானைப் பிடிக்கவும் வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது ஒரு கை அசையாமல் இருக்க, இன்னொரு கை மெல்லச் சாய வேண்டும். இரண்டு கைகள் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கற்றுக்கொள்கின்றன. பார்சல்காரருக்கு நிஜமாகவே உற்சாகம் வந்துவிட்டது. சுண்டு அதற்குள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்த சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

"குழந்தை வெளியவே உக்காரட்டும்" என்றார் ஆலோசகர்.

"ஏன் மேடம்?"

"ஆறு வயசுக்குக் கீழ உள்ளவங்க சமையலறைக்குள்ள வரக் கூடாது. பாதுகாப்பு விதி."

"இது அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கான பயிற்சிதானே?"

"ஆமா சார். இந்தச் சிக்கல் எங்களுக்கும் இருந்துச்சு. ரொம்ப ஆலோசிச்சுத்தான் பிரதிநிதி விரல்கள் முறையைக் கொண்டுவந்தோம். குழந்தையோட சொந்தக்காரங்க யாராவது உள்ள வந்து, குழந்தை சார்பா செய்வாங்க. குழந்தை கண்ணாடி வழியாப் பாக்கும். பாக்கறதும் பங்கெடுக்கறதுதானே?"

பார்சல்காரர் சுண்டுவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஒரு குட்டி நாற்காலியில் ஏறி, மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் மூச்சில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது.

இங்கேயே அவர் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் பட்டாணிக் கூடையை எதிரில் வைத்துவிட்டார்கள். வேலையைக் கண்டதும் அவர் விரல்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். தோல் ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று பட்டாணி பறந்தது. ஊழியர்கள் கூடிவிட்டார்கள்.

"அஞ்சு வயசுல இப்படி ஒரு கட்டைவிரலா" என்றார் ஆலோசகர், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

"இது என் விரல் மேடம்."

"பதிவுல சுண்டுவோட விரல் சார்."

வெளியே வரும்போது பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார் அந்த மனிதர். சொந்தக்காரர்கள் வர முடியாத குழந்தைகளுக்காக மையமே அமர்த்தியிருக்கும் ஆளாம்.

"நீங்க எந்தக் குழந்தை?" என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார் பார்சல்காரர்.

"காலையில ரெட்டைப் பிள்ளைங்க சார். இப்ப ஒரு பொண்ணு. மத்தியானத்துக்கு மேல ஒரு வாலுப் பையன், அவன்தான் பெண்டு எடுத்துடுவான்."

வீட்டுக்கு நடக்கும்போது சுண்டு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, நான் இன்னிக்கு நல்லா உரிச்சேனா?"

பார்சல்காரர் தெருவைப் பார்த்தார்.

"உரிச்சியே" என்றார்.

*

அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றும் பயிற்சி. மேஜையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. இரண்டும் காலி.

"தண்ணி?" என்றார் பார்சல்காரர்.

"தண்ணி வச்சா சிந்துது சார். தரை வழுக்குது. இப்படியே ஊத்துங்க."

அவர் காலி டம்ளரிலிருந்து காலி டம்ளருக்குக் கவனமாக ஊற்றினார். ஆலோசகர் குனிந்து மேஜையைச் சோதித்தார். "ஒரு சொட்டுகூடச் சிந்தல" என்று அறிவித்தார். பிரதிநிதி விரல்கள் முறை வந்ததிலிருந்து மையத்தில் ஒருவர்கூடச் சிந்தியதில்லை என்பதையும் சொன்னார்.

முட்டை மரத்தில் செய்தது. வெள்ளை வர்ணம் அடித்திருந்தது.

"இதுல ஓடு இல்லையே மேடம்."

"உரிக்கற எண்ணத்துக்குத்தான் சார் மார்க்."

அவர் உரிக்கும் எண்ணத்தோடு மர முட்டையைத் தடவினார். முழு மார்க்.

மாவு மட்டும் அசல். ஆனால் அதைப் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்து, வாயை ஒட்டியிருந்தார்கள். பிசைபவர் கையுறை மாட்டிக்கொண்டு பைக்கு வெளியிலிருந்து பிசைய வேண்டும்.

"கையில ஒட்டினாதானே பதம் தெரியும்?" என்று கேட்டார். மாவு எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதை விரல் நுனிதான் கண்டுபிடிக்கிறது. ஒட்டுவதும் விடுவதும்தான் அங்கே பாடம்.

"ஒட்டினா கழுவணும் சார்" என்றார் ஆலோசகர் பொறுமையாக. "கழுவறது எங்க பிரிவு இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுண்டு இப்போதெல்லாம் மூக்கை வைப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அப்பா பிசைவதைத் தொலைக்காட்சி பார்ப்பதுபோல் பார்த்தாள். நடுவில் தூங்கியும்விட்டாள். அன்றைக்குக் கிடைத்த மார்க் அதுவரை கிடைத்ததிலேயே அதிகம்.

எதிர்வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது வாசல் வரை கேட்டது. "அக்கா, நான்தான் விரல்ல ஃபர்ஸ்ட்."

மனைவி அன்று மாலை பேருந்து வாசனையோடு வந்து உட்கார்ந்தார். பகல் முழுக்கக் கியர் போட்ட தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"என்னங்க, பயிற்சி எப்படிப் போகுது?"

"நல்லா முன்னேற்றம் தெரியுது."

"யாருக்கு?"

அவர் சுண்டுவின் பையை எடுத்து ஜிப்பை இழுத்தார். அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியைப் பற்றியும் குட்டி நாற்காலியைப் பற்றியும் மனைவியிடம் அவர் இதுவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பிரதிநிதி என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவர அவருக்கு வாய் வரவில்லை.

"இன்னிக்கும் ஸ்கூல்ல ஜிப் மாட்டிக்கிட்டு நின்னாளாம். மிஸ் போன் பண்ணாங்க" என்றார் மனைவி. "மார்க்கை வச்சு ஜிப்பை இழுக்க முடியுமா?"

மறுநாள் காலை அவர் சட்டையை எடுத்ததும் சுண்டு முகவாயைத் தூக்கிக் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். முன்பாவது பாதி வரை முயற்சி செய்வாள். இப்போது அதுவும் இல்லை. மேல் பொத்தானுக்கு வசதியாக முகவாய், ஷூவுக்கு வசதியாக ஒரு கால் முன்னால். கட்டுவதற்குத் தோதாக நிற்கும் பெட்டியைப்போல நின்றாள். நாடா ஒட்டுவதுதான் பாக்கி என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியபோதே விரல்கள் கடைசிப் பொத்தானை முடித்திருந்தன.

*

அன்று சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தார். சுண்டுவைப் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். செருப்பை அங்கே விட்டுவிட்டு உள்ளே போனவர் சமையலறைக் கதவோரம் நின்றுவிட்டார்.

சுண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டின் அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. முழங்கால் டின்னைப் பிடித்துக்கொண்டதால் இரண்டு கைகளும் மூடிக்கே. அவள் ஒரே இடத்தில் நெம்பவில்லை. கட்டைவிரலால் மூடியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இறுகும் என்பதை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறாள். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. மூடி வழுக்கிவிட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மறுபடி தொடங்கினாள்.

பார்சல்காரர் நெகிழ்ந்துபோய் ஓர் அடி முன்னால் வைத்தார். கை தானாக நீண்டுவிட்டது.

சுண்டு நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்த அந்தக் கணத்தில் அவள் கட்டைவிரல் நின்றது. நாக்கு உள்ளே போனது. டின்னை இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினாள்.

"அப்பா, தொறந்து குடு."

அவர் டின்னை வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் விடை தெரியாமல் இருந்த கேள்விக்கு விடை அங்கேயே இருந்தது. டின்னுக்கும் பொத்தானுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவர்தான். அவர் கை வராத வேலைகளில் அவளுக்கு விரல் இருந்தது.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார்; பட்டாணி, காலி டம்ளர், மர முட்டை, கண்ணாடி, வழியில் சுண்டு கேட்ட கேள்வி. மனைவி சிரிப்பார் என்று நினைத்தார். மனைவி சிரிக்கவில்லை.

"அவ நல்லா உரிச்சேனான்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"உரிச்சியேன்னு சொன்னேன்."

மனைவி சொன்னார். "புதுசா ஓட்டறவங்ககூட நானும் போவேங்க. பக்கத்து சீட்ல உக்காந்தா ஸ்டியரிங் மேலயே கை போகும். போனா அவங்க விட்டுடுவாங்க. வண்டி யாருகிட்டயும் இல்லாம போகும். அது தெரிஞ்சப்புறம் கையை மடக்கித் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன்."

*

மையத்தின் ஆண்டு விரல் விழாவில் முதலிடத்துக்கான பரிசு சுண்டுவுக்கு. பார்சல்காரர் போக வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் சான்றிதழை மேடையில்தான் தருவார்கள். மழலைப் பள்ளி மிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் நீளமான கறுப்புக் கோட்டில் வந்தார். மேடை ஏறும் முன் இரண்டு உதவியாளர்கள் இரண்டு பக்கமும் நின்று அவர் கோட்டுக்குப் பொத்தான் போட்டார்கள். மூன்றாமவர் பேனா மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"நான் இந்தப் பதவிக்கு வந்த புதுசுல என் பேனா மூடியை நானேதான் தொறந்துக்கிட்டிருந்தேன்" என்று இயக்குநர் தொடங்கினார். "இன்னிக்கு அதுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கு. இதுதான் வளர்ச்சி. நம்ம மையத்துல இந்த வருஷம் ஒரு குழந்தைகூடக் கையைக் கீறிக்கல. ஒரு குழந்தை கையிலகூட மாவு படல. சிந்தினது பூஜ்யம். உடைஞ்சது பூஜ்யம். இத்தனை பூஜ்யத்தையும் கூட்டித்தான் நமக்கு இந்த வருஷ விருது கிடைச்சிருக்கு. சில பெற்றோர் கேக்கறாங்க, குழந்தை எப்பங்க தொடும்னு. அவசரப்படக் கூடாது. முதல்ல முறை நிலைக்கணும். குழந்தைங்க வருவாங்க, போவாங்க. முறை நிக்கணும்."

கைதட்டல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

பிறகு செயல்விளக்கம். முதலிடம் பெற்ற குழந்தைக்குச் சாதனைக் கோட் என்று ஒன்றைப் போர்த்துவார்கள்; அதன் பெரிய பித்தளைப் பொத்தான்களைப் பிரதிநிதி விரல்கள் போட்டுவிட வேண்டும். சுண்டு மேடை நடுவில் நின்றாள். முகவாய் தூக்கியிருந்தது. கைகள் தொங்கின. பார்சல்காரருக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அவர் உட்கார்ந்தார். விரல்கள் மடியை விட்டுக் கிளம்பின. பாதி தூரம் போனவற்றைத் திரும்ப இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, போடு" என்றாள் சுண்டு.

"நீ போடும்மா."

"இங்க நீதானேப்பா நான்?"

ஒலிபெருக்கி அதை அரங்கத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

"இல்லடா" என்றார் பார்சல்காரர். "பட்டாணி உரிச்சது நான். மார்க் வாங்கினதும் நான். நீ உரிச்சேன்னு நான் சொன்னது பொய். உனக்கு அப்பவே ஒரு பட்டாணி குடுத்திருக்கணும். தப்பு என்னோடது."

ஆலோசகர் ஓடிவந்து காதருகில் குனிந்தார். "சார், உங்க கை தெரியல."

"அது மேலதான் மேடம் உக்காந்துருக்கேன்."

சுண்டு அப்பாவின் தொடையைப் பார்த்தாள். கை வருவதாக இல்லை. கோட்டைப் பார்த்தாள். மேல் பொத்தான் கழுத்துக்குக் கீழே இருந்தது. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது கடைசிப் பொத்தான். அதைப் பிடித்தாள். சாய்த்தாள். பாதி போனது. நின்று, நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைத் தேடினாள். முகத்தை என்ன செய்வது என்று பார்சல்காரருக்குத் தெரியவில்லை. அதை அடியில் வைத்து அழுத்த ஒரு தொடை இல்லை. அவர் அவள் ஷூவைப் பார்த்தார்.

பொத்தான் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் வந்தது. அவர் விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன; அவளுக்காகத் தள்ளின, இழுத்தன, ஒன்றுமில்லாத இடத்தில் பொத்தான் போட்டன. மேடையில் இயக்குநர் கைக்குட்டைக்காக ஓர் உதவியாளரைத் தேடினார். சுண்டுவின் நாக்கு நுனி வெளியே வந்தது.

இடது கட்டைவிரல் அந்தப் பக்கம் காத்திருந்து, பித்தளையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது.

பொத்தான் நுழைந்துவிட்டது. யாரோ பின்வரிசையில் "அட" என்றார்கள்.

எல்லாவற்றையும் போட்டு முடிக்க வெகு நேரம் ஆயிற்று. முடித்தபோது காஜா ஒன்று தள்ளிப்போய், கோட்டின் ஒரு பக்கம் கீழே தொங்கியது. சுண்டு அதை ஆராய்ந்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினாள்.

நடுவர் குழு மேடையிலேயே கூடிப் பேசியது. ஆலோசகர் முடிவைப் படித்தார். குழந்தை முன் அனுமதி இல்லாமலும் கையுறை இல்லாமலும் தன் சொந்த விரல்களைப் பயன்படுத்திவிட்டதால், அதை மதிப்பிட விதியில் இடம் இல்லை. மற்ற மார்க்குகளைத் தந்தை தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டிருப்பதால், சான்றிதழ் தந்தையின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. அவர் ஒன்றாம் வகுப்பில் சேரத் தகுதி உடையவர்.

ஒலிபெருக்கி கைதட்டியது. உதவியாளர்கள் அதற்குள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். இயக்குநர் வியர்வையில் நனைந்து, கழுத்துப் பொத்தானைக் கையால் துழாவிக்கொண்டு நின்றார். சுண்டு அவர் பக்கத்தில் போனாள்.

"மாமா, கீழேர்ந்து ஆரம்பிங்க. மேல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது."

*

சான்றிதழை எடுத்துக்கொண்டு பார்சல்காரர் மறுநாள் மிஸ்ஸிடம் போனார்.

"மிஸ், இது என் பேர்ல இருக்கு."

"பாத்தேன் சார். உங்களைச் சேத்துக்கலாம். பெஞ்சுதான் சின்னது."

"சுண்டு?"

மிஸ் குனிந்து சுண்டுவின் சட்டையைப் பார்த்தார். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே இருந்தது.

"இது யார் போட்டது?"

"நான்" என்றாள் சுண்டு. "அப்பா கை மேல உக்காந்துருந்தாரு."

மிஸ் சான்றிதழை வாங்கி, பெயரை உள்பக்கமாக மடித்து அலமாரியில் வைத்தார். "எனக்கு ஒரு சான்றிதழ் வேணும்னுதான் உத்தரவு. யாரோடதுன்னு யாரும் கேக்கல. ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு வாசல்ல கொண்டுவந்து விடுங்க."

பார்சல்காரருக்கு நிம்மதி வரவில்லை. தண்டனை கிடைத்திருந்தால் கொஞ்சம் வந்திருக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில் பட்டாணி வாங்கினார். இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள். சுண்டு உரித்ததில் பாதி அடுப்புக்கு அடியில் உருண்டு போயிற்று. சில மணிகள் நசுங்கின. அவர் எதையும் பொறுக்கவில்லை.

"அப்பா, நான் நல்லா உரிச்சேனா?"

"நீதான் உரிச்ச" என்றார்.

காலை நேரத்துக்கு அவர்கள் கண்ட வழி இதுதான்: கொஞ்சம் முன்னதாக எழுந்திருக்க வேண்டும். சட்டையை அவள் கையில் கொடுத்து, கண்ணுக்குத் தெரியும் கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். அவள் முடிக்கும் வரை அப்பா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவள் ஷூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.